புறா ஆர்ட்ஸ் மேனேஜர் எழுந்து வர மாட்டார்

கல்யாணப் பத்திரிகைக்குப் படம் போடுகிற தொழிலில் ஒரு சாபம் உண்டு: எந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்பது மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தெரிவதற்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், ஆனால் ஒரு கல்யாணத்துக்கும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். டெய்லரைக் கூப்பிடுவார்கள். மேளக்காரரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சமையல்காரர் இல்லாமல் நடக்காது. பத்திரிகைக்காரியின் பங்கு மட்டும் கட்டு கை மாறியதோடு முடிந்துபோகும். அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் குனிந்து குனிந்து கோலம் போட்டுவிட்டு, தன் வீட்டுக்கு வந்து பழையது சாப்பிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

என் பெயர் பிலோமினா. காரைக்காலில் எங்கள் வீட்டு முன்னறைதான் ‘புறா ஆர்ட்ஸ்’. கல்யாணப் பத்திரிகை, லெட்டர் பேடு, விசிட்டிங் கார்டு, பொங்கல் வாழ்த்து, நோட்டுப் புத்தக லேபிள், எதுவானாலும் படம் வரைந்து, அச்சுக்குக் கொடுத்து, வெட்டிக் கட்டி ஒப்படைப்போம். ‘போம்’ என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன். அப்பாவைப் பாண்டிச்சேரி ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள், மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருவார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், கணக்குப் பரீட்சை என்னை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. காலையில் அம்மா வெள்ளைச் சேலையில் கிளம்பியதும் வீட்டில் நான், ஒரு மேஜை, ஒரு பாட்டில் கறுப்பு மை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி வருகிறவர்களுக்கு. அது பெரும்பாலும் வெறும் நாற்காலியாகவே இருந்தது.

படம் தவிர எனக்குத் தெரிந்த இன்னொரு வித்தை குரல். பள்ளிக்கூடத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று தலைமைச் சிஸ்டர் குரலில் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு வகுப்பையே மணி அடிக்கும் முன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பஸ் கண்டக்டர், மாதா கோயிலில் பூசை வைக்கிற சாமியார், கோலாமீன் விற்கிற அக்கா, யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், தொண்டையில் வந்து குடியேறிவிடும். கேட்டுச் சிரிக்க ஆள் இருந்தவரை அது வித்தை. ஆள் போன பிறகு அது என்ன என்று எனக்கே தெரியவில்லை.

பெரியவங்க யாரும் இல்லையா

போர்டு மாட்டிய புதிதில் வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டி எதையோ தேடினார்கள். என் தலைக்கு மேலே பார்ப்பார்கள், முதுகுக்குப் பின்னால் பார்ப்பார்கள். அப்பா இல்லையாம்மா, அண்ணன் இல்லையாம்மா என்று கேட்பார்கள். அப்புறம் வருகிறேன் என்று போவார்கள். அப்புறம் என்பது எந்தக் காலண்டரிலும் இல்லாத கிழமை என்பது கடை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் அம்மாவின் பழைய நூல்சேலை ஒன்று திரையாகத் தரைவரை தொங்கியது. ஒரு நாள், புதிதாக மளிகைக்கடை வைக்கப்போகிற ஒருவர் லெட்டர் பேடு அடிக்க வந்தார். கடைப் பெயரும் பெரிதாக இருக்க வேண்டும், முருகனும் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். இரண்டும் பெரிதாக இருந்தால் கடிதம் எழுத இடம் இருக்காது என்றேன். அவர் கொட்டாவி விட்டார், பெரியவங்க யாரும் இல்லையா என்றார். எனக்குள் ஏதோ ஒன்று குதித்தது. மேனேஜர் சாரைக் கேட்டு வருகிறேன் என்று திரைக்குப் பின்னால் போனேன். பாவாடையைச் சுருட்டிப் பிடித்து, கொலுசு சத்தம் போடாமல் மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டேன். தொண்டையை அடி வயிற்றுக்கு இறக்கி ஒரு இருமல் இருமினேன். பிறகு ஐம்பத்தைந்து வயதுக் குரலில், நான் சொன்ன அதே வார்த்தைகளை அப்படியே திருப்பிச் சொன்னேன். காலில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் எழுந்து வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்றும் ஒரு வால் சேர்த்தேன்.

வெளியே வந்து பார்த்தால் மளிகைக்கடைக்காரர் நாற்காலி நுனியில் வாய் பொத்தாத குறையாக உட்கார்ந்திருந்தார். முருகன் சிறிதாகிவிட்டார். போகும்போது திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் பக்கம் குனிந்து சொன்னார்:

“சார் குரல்லயே ஒரு நாணயம் தெரியுது. பக்கத்துல இருந்து தொழிலைக் கத்துக்க, பாப்பா.”

மாஸ்டர் வேலை பிழைத்தது

மேனேஜர் எத்தனை நாள்தான் உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பார்? பேச்சுத் துணைக்கு என்று மதராஸிலிருந்து ஒரு ஓவியரை வரவழைத்தேன். மாஸ்டர் என்று பெயர். மூக்கால் பேசுவார், எதற்கெடுத்தாலும் அழுவார். மேனேஜர் அதட்டுவார், மாஸ்டர் விசும்புவார், நான் வெளியே வந்து வாடிக்கையாளரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிப்பேன். மூன்று பேர் வேலை செய்கிற இடம் என்று ஊரில் பேர் வந்துவிட்டது.

குரும்பகரத்திலிருந்து ஒரு விவசாயி, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். மணையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிற ஜோடி வேண்டும் என்றார். எழுத்தை எல்லாம் பிரஸ்ஸில் கோத்துக்கொள்வார்கள், படம் மட்டும் என் பொறுப்பு. தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டில் கத்தியால் செதுக்கிக் கொடுப்பேன், அதை மரக்கட்டையில் ஒட்டி அச்சில் ஏற்றுவார்கள். செதுக்கியது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும் என்பது தெரிந்த சங்கதிதான். படத்தில் ஒரு எழுத்து இருந்திருந்தால்கூட நினைவு வந்திருக்கும். ஆளுக்கு ஏது தலைகீழ் என்று வரைந்தபடியே செதுக்கிவிட்டேன். மேலும் நாங்கள் மாதா கோயிலில் கல்யாணம் செய்கிறவர்கள், மணையில் யார் எந்தப் பக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவர் புரூஃப் காகிதத்தைக் கையில் வாங்கினார், தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். “ஏம்மா, இன்னும் தாலியே கட்டலை. அதுக்குள்ள பொண்ணு இடப்பக்கம் போயிக் குந்திக்கிச்சே” என்றார். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம்தானாம், ஏறின பிறகுதான் இடம் மாற்றி உட்காரவைப்பார்களாம். இந்தப் பத்திரிகையைக் கொடுத்தால், ரகசியமாக முன்னாலேயே முடித்துவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டார் வாய் சும்மா இருக்காது என்றார்.

நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். மேனேஜர் எடுத்த எடுப்பில் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். பத்து வருஷமாகப் படம் போடுகிறாய், பெண் எந்தப் பக்கம் என்று தெரியாதா, மூட்டையைக் கட்டு, இன்றே மதராஸ் பஸ் ஏறு என்றார். மாஸ்டர் அழுத அழுகை எனக்கே பிடித்திருந்தது. தப்பு செய்தது நான். திட்டும் மாஸ்டருக்கு, பரிதாபமும் மாஸ்டருக்கு. கோபத்தோடு வந்த மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்:

“வேலையை விட்டு நிறுத்திடாதீங்க, சார். வேற படம் போட்டாப் போச்சு. அந்தாளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல.”

சொல்தாவின் கார்டு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு பெரியவர், சட்டையைக் கத்தி போல இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, விசிட்டிங் கார்டு வேண்டும் என்றார். பெரியவங்க யாரும் இல்லையா என்று கேட்காத ஒரே வாடிக்கையாளர் அவர்தான். நேராக என் எதிரில் உட்கார்ந்து என்னிடமே பேசினார். அன்று மேனேஜருக்கு வாயைத் திறக்க வேலை இல்லை.

சுற்றி இலை வளையம், நடுவில் பெயர், கீழே ரெஜிமெண்ட் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒன்று போதும் என்றார். ஒரு நூறா என்றேன். இல்லை, ஒன்று. பிரஸ்ஸில் ஒரே ஒரு கார்டு அடிக்க மாட்டார்களே என்று தயங்கினேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள் என்பதைப் பேச்சோடு பேச்சாக முன்னமே சொல்லியிருந்தார். விசிட்டிங் கார்டு என்பது நாம் பிறரைப் பார்க்கப் போகும்போது கொடுப்பதுதானே, யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். கையாலேயே வரைந்து கொடுத்தேன். அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்:

“கதவுல ஒட்டத்தான்மா. நான் பாட்டுக்கு உள்ள செத்த அசந்து தூங்கிட்டேன்னா, வந்தவங்க ஆளில்லைன்னு திரும்பிடக் கூடாது பாரு.”

ஜிகினா

தை பிறக்கப்போகிறது என்றால் வாழ்த்து அட்டைக்காரர்களுக்கு மார்கழியிலேயே பொங்கிவிடும். பானை, கரும்பு, கொம்பில் பலூன் கட்டின மாடு. அந்த வருஷம் நான் ஒரு படி மேலே போய், பானை வாயில் நுரைக்குப் பதிலாகப் பசை தடவி வெள்ளி ஜிகினா தூவினேன். மின்னியது. ஆனால் தபால் பெட்டி, பை, முத்திரைக் குத்து எல்லாம் தாண்டிப் போய்ச் சேரும்போதும் மின்னுமா என்று பார்த்துத்தானே விற்க வேண்டும்? அதற்காக ஒன்றைப் ‘பிலோமினா, புறா ஆர்ட்ஸ்’ என்று விலாசம் எழுதித் தபாலில் போட்டேன். அனுப்புநர் இடத்தில் மேனேஜர் என்று எழுதினேன். முழுக்க முழுக்கத் தொழில் பரிசோதனை. நம்புங்கள்.

பொங்கலன்று தபால்காரர் வந்தார். மீசையில் ஜிகினா, காக்கிச்சட்டையில் ஜிகினா. தன் வீட்டுச் சோற்றில்கூட மின்னுகிறது, பெண்டாட்டி ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள், அடுத்த வருஷம் மாட்டை மட்டும் போடு என்று திட்டிக்கொண்டே அட்டையை நீட்டினார். அதன் மேல் இருந்த எழுத்தைப் பார்த்தார், எங்கள் வீட்டு போர்டைப் பார்த்தார், அதே எழுத்துதான். கல்லூரிக்குப் போன கூட்டாளிகள் எட்டுப் பேருக்கு நான் அட்டை அனுப்பியிருந்தேன், அவையும் அவர் கை வழியாகத்தான் போயிருக்கும். காலிப் பை என்று தெரிந்தும் உள்ளே கையைவிட்டு இன்னொரு தடவை மூலைவரை துழாவினார். பிறகு சைக்கிளில் ஏறிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“நாளைக்கும் தபால் உண்டு பாப்பா. இன்னியோட முடிஞ்சிடல.”

வண்டி அனுப்புகிறேன்

திருமலைராயன்பட்டினத்தில் ஜவுளி வியாபாரம் செய்கிற ஒரு மரைக்காயர், மகள் நிக்காஹ் பத்திரிகைக்கு வந்திருந்தார். அவர்கள் பத்திரிகையில் ஆள் படம் கூடாது. ஆள் இல்லை என்றால் எனக்கு இடம் வலம் குழப்பமும் இல்லை. பிறையில் ஆரம்பித்து, நான்கு ஓரத்தையும் சுற்றிக்கொண்டு, திரும்பப் பிறையிலேயே வந்து முடிகிற ஒரு மல்லிகைக் கொடி போட்டேன். கர்வமாகச் சொல்கிறேன், அது போல ஒரு கொடி இன்னும் என் கையில் வரவில்லை. மேனேஜர் வழக்கம்போல விலை பேசினார், மாஸ்டர் வழக்கம்போல மூக்கை உறிஞ்சினார், மரைக்காயர் மனம் குளிர்ந்து பத்திரிகைக் கட்டை வாங்கிப்போனார்.

சில நாள் கழித்து அவரே வாசலில் வந்து நின்றார். கையில் ஒரே ஒரு பத்திரிகை. உறை மேல் என் மல்லிகைக் கொடி. இத்தனை கல்யாணத்துக்குப் படம் போட்டவள் நான், போட்ட பத்திரிகை ஒன்று திரும்பி என் வாசலுக்கு வருவதை அன்றுதான் பார்த்தேன். எழுந்து நின்றேன். தாவணியைச் சரி செய்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டிவிட்டு, என்னைத் தாண்டித் திரைப் பக்கம் போனார். மேனேஜர் சார், இன்ஷா அல்லாஹ் நீங்க அவசியம் வரணும், கால் முடியாட்டியும் நான் வண்டி அனுப்புறேன் என்றார். நான் ஓடிப்போய் உள்ளே நின்று, முயற்சி செய்கிறேன் என்று சொல்லி இருமினேன். அது மட்டும் நான் நடிக்காமல் இருமியது. வெளியே வந்து உறையைப் பார்த்தேன், ‘மேனேஜர் அவர்கள், குடும்பத்துடன்’ என்று எழுதியிருந்தது. அவர் அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“சாரு மறந்துடாமப் பாத்துக்க புள்ள. அன்னிக்கு நீ கடையில இருந்துக்க, அவரு நிம்மதியா வந்துட்டுப் போவட்டும்.”

ரத்தினத்தின் இருமல்

மேனேஜர் குரல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அது பிரஸ் ரத்தினத்தின் குரல். எங்கள் படங்களை எல்லாம் அச்சடிக்கிறவர், இரண்டு தெரு தள்ளி பிரஸ் வைத்திருக்கிறார். பழைய லாரி கிளம்புகிற மாதிரி ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் எதையும் பேசுவார், பேசுவதும் பாதி நேரம் ஈய எழுத்துகளோடுதான். புரூஃப் வேண்டும் என்றால் நான்தான் அங்கே போய் வாங்கி வருவேன், அவர் படி இறங்கி எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அவரைக் கேட்காமலே அவர் குரலை எடுத்துக்கொண்டேன்.

வராதவர் ஒரு நாள் வந்தார். ஒரு ஆசிரியர், பணி ஓய்வு விழா அழைப்பிதழுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் திரைக்குப் பின்னால் மேனேஜராகக் காகிதத்தின் தரம் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஈரப் புரூஃபோடு வந்து நின்ற ரத்தினம், தன் குரல் தனக்கு முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்த நான் அவரைப் பார்த்து உறைந்துபோனேன். ஆசிரியர் போகும்வரை சுவரோடு நின்றார், நிற்கும்போதே குனிந்து மைக் கையைத் திரையின் அடியில் நிதானமாகத் துடைத்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை, பிற்பாடு திரையின் அடிப்பக்கம் ஒரு முழம் கத்தரித்துத் தைக்கும்படி ஆயிற்று. திரை குட்டையானதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் தெருமுனை திரும்பியதும் ரத்தினம் என்னைப் பார்த்தார். இனிமேல் அச்சடித்துத் தர மாட்டேன் என்று சொல்லப்போகிறார், கடை இன்றோடு சரி என்று நினைத்தேன்.

“குரல் பரவாயில்ல. ஆனா நான் ஒரு பேச்சுக்கு ரெண்டு இருமல் இருமுவேன். நீ ஒண்ணோட நிறுத்திடுற.”

அம்மா வெளியே நின்றது

வாடிக்கையாளர் போன பிறகு மேனேஜரும் மாஸ்டரும் உடனே கலைந்துபோவதில்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன மழை, என்ன வெயில், கடைத்தெருவில் இன்று என்ன மீன். மாஸ்டருக்கு மதராஸ் ஞாபகம் வந்துவிட்டால் மேனேஜர் தேற்றுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர்கள் இருப்பார்கள். எனக்கு மோர் ஊற்றும்போது மாஸ்டர் இன்னும் கொஞ்சம் என்பார். முதலில் இதெல்லாம் குரல் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க என்றுதான் செய்தேன். பிறகு பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் அம்மாவுக்கு டியூட்டி மாறி, சீக்கிரம் வந்துவிட்டார். உள்ளே ஆண்குரல் கேட்டதும் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி, தலையைக் கோதி, சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருக்கிறார். மேனேஜர் ஏதோ சொல்ல மாஸ்டர் சிரித்த நேரம் உள்ளே வந்தார். மேஜையில் ஒரு தட்டு. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. யார் வந்தது என்றார். யாரும் இல்லம்மா என்றேன். அந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதட்டியிருந்தால் அம்மா குரலிலேயே திருப்பி அதட்டிச் சிரிக்கவைத்திருப்பேன். அவர் அதட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பங்கரைக்குப் போகிற வழியில் சொன்னார்:

“இனிமே யாராவது வந்தா உடனே அனுப்பிடாத. நான் வந்து காப்பி போடுறேன்.”

வெற்றிலைத் தட்டு

கிளிஞ்சல்மேட்டிலிருந்து செங்கமலம் என்று ஒரு அம்மாள், மகன் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். வீட்டுக்காரருக்குச் சொந்தமாகப் படகு, இவருக்குச் சொந்தமாக வாய். மேனேஜரோடு விலை பேசி மேனேஜரையே திணறடித்தவர் இவர் ஒருவர்தான். பேச்சுக்கு நடுவில், எங்க ஊருக்குள்ள இதெல்லாம் கணக்கு இல்லை, கார்டு வெளியூர்க்காரங்களுக்குத்தான் என்றார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், அந்த வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துச் சொன்னால்தான் கூப்பிட்டதாக அர்த்தமாம். கார்டு வெறும் சேதியாம். அப்படியானால் நான் இத்தனை நாள் எந்தக் காகிதத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தேனோ, அது அழைப்பே இல்லை.

வைகாசியில், கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, அதே அம்மாள் வாசலில் நின்றார். பட்டுச்சேலை, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம். பெரியவரை வெளியே வரச் சொல்லு, அவர் கையில் கொடுக்கணும் என்றார். காலில் ஆபரேஷன் என்றேன். அப்போ நான் உள்ளே வந்து கொடுக்கிறேன் என்று திரைவரை வந்துவிட்டார். நான் முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். உண்மையைச் சொன்னால், பெரியவர் இல்லாத வீடு என்று தட்டு திரும்பிப்போகும். சொல்லாவிட்டால் தட்டு மேனேஜருக்குப் போகும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு இல்லை. இருமினேன். ரத்தினம் சொன்ன மாதிரி இரண்டாவது இருமலும் இருமினேன். அதற்கு மேல் வரவில்லை. ஊரில் பாதிப் பேர் என் தொண்டையில் குடியிருந்தார்கள், அன்றைக்கு ஒருவர்கூட வீட்டில் இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். “பெரியவங்க யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்” என்றேன். வெகு நாளாகப் புழங்காத குரல், என் காதுக்கே புதிதாக இருந்தது. செங்கமலம் தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். திரையின் கீழ் ஓரத்தையும், அதற்குக் கீழே தெரிந்த வெறும் தரையையும், என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டு போகப்போகிறது என்று நான் வாசல் பக்கம் பார்த்தேன். அது போகவில்லை, என் நெஞ்சுக்கு நேரே நீண்டது.

“தெரியும்டி. போன தடவையே உங்க மேனேஜரு பூப்போட்ட பாவாடை கட்டி, கொலுசும் போட்டுக்கிட்டுத்தான் நின்னாரு. கையை நீட்டு. மூணு இலை போடச் சொல்லியிருக்கேன், நீ ஒருத்தி வந்து உக்காந்தாப் போதும்.”

போனேன், உட்கார்ந்தேன், யார் வீட்டுப் பெண் என்று பக்கத்து இலைக்காரர் கேட்டதற்கு என் குரலிலேயே பதில் சொன்னேன். மேனேஜருக்கும் மாஸ்டருக்கும் அன்று ஒரு நாள் லீவு, ஆனால் அவர்கள் இரண்டு பேர் பாயசத்தையும் கம்பெனி சார்பில் நானே குடித்துவிட்டேன்.